குப்பி நிறையும் வரை

“பாத்ரூம் போயிட்டுக் கிளம்புங்க.”

“இப்ப வரலைம்மா.”

“விமானத்தை நடுவுல நிறுத்திட்டு இறங்கி ஓடுவீங்களா? போயிட்டு வாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து மனைவி தினமும் சொல்வதுதான் இது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று காலை என்னவோ, எதிர்த்துப் பேச அலுப்பாக இருந்ததால் கேட்டுவிட்டார். அதுவே வினையாகப் போயிற்று.

விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் டிராக்டரின் ஓட்டுநர் அவர். வேலைக்கு வந்து சீருடைப் பொத்தானைப் போடுவதற்குள் சூப்பர்வைசர் தோளைத் தொட்டார்.

“போதைப் பரிசோதனை. கம்ப்யூட்டர் குலுக்கல்ல இன்னிக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அப்படியே கிளம்புங்க.”

இரண்டாவது காபி குடித்தாலே தூக்கம் கெட்டுப்போகும் மனிதர், தலையெழுத்தே என்று போனார்.

பரிசோதனை அறையில் ஒரு மெலிந்த பரிசோதகர் அவர் சட்டைப் பைகளைக் காலி செய்யச் சொன்னார். சிறுநீரில் யாரும் தண்ணீர் கலந்துவிடக் கூடாதென்று கழிப்பறைக் குழாயை அடைத்தார். கழிப்பறைக் கோப்பையில் நீலச் சாயம் ஊற்றினார். கையில் ஒரு குப்பியைக் கொடுத்தார். “இந்தக் கோடு வரைக்கும் வேணும் சார்.”

உள்ளே போனவர் வெறும் குப்பியோடு திரும்பினார்.

“காலையிலேயே போயிட்டேன் சார். வீட்டுல சொன்னாங்கன்னு.”

“மதியத்துக்குள்ள கொடுக்கலைன்னா, மறுத்ததா எழுதணும். மறுத்தா போதையில இருந்த மாதிரிதான். அப்புறம் டிராக்டரை மறந்துட வேண்டியதுதான்.”

அவருக்குத் தொண்டை வறண்டது. வேறெங்கும் ஒன்றும் ஊறவில்லை.

“தண்ணி குடிங்க.”

எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் எப்படிக் குடிப்பது? “நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க சார்.”

“எனக்கு வேணாம்.”

“அப்ப எனக்கும் இறங்காது.”

பரிசோதகர் பெருமூச்சு விட்டுக் குடித்தார். இப்படி உபசரித்தே ஒரு ஜாடி காலியாயிற்று.

அடுத்த முறை நாலு சொட்டு வந்தது. பரிசோதகர் அதைக் கொட்டிவிட்டுப் புதுக் குப்பியை நீட்டினார்.

“ஐயோ, அதுக்கு மேலயே ஊத்தியிருப்பேனே!”

“சேர்க்கக் கூடாது சார். முதல்லேருந்து.”

மறுபடி தண்ணீர், மறுபடி உபசாரம். இப்போது வயிறு கனத்தது. ஆனால் கதவுக்கு வெளியே பரிசோதகரின் காலடி இங்குமங்கும் அலைந்துகொண்டே இருந்தது. சந்தேகப்படுகிறாரோ? வரவிருந்ததும் உள்ளே போய்விட்டது.

“சார், குழாயைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன். தண்ணிச் சத்தம் கேட்டா வரும்.”

“அதெல்லாம் வேணாம் சார்.” ஏனோ சீறினார்.

மேசையில் கிடந்த ஓட்டுநரின் ஃபோன் அடித்தது; மனைவியின் அழைப்பு. பரிசோதகர் ஸ்பீக்கரில் போட்டார்.

“உங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கார்மா. இன்னும் வரலை.”

“உள்ள இருக்காரா, வரலையா?”

“அவர் வந்துட்டார்மா. அதுதான் வரலை.”

“பக்கத்துல ஆள் இருந்தா அவருக்கு ஆகாது சார். கல்யாணமான புதுசுல எங்க வீட்டுல தங்கினப்பவும் இப்படித்தான் தவிச்சார். நீங்க கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க.”

“நான் நகரவே கூடாதும்மா.”

பக்கத்து அறையில் பெட்டி ஏற்றும் ஆட்கள் சிரித்தார்கள். இனி இந்த ஜென்மத்தில் வராது என்று அவருக்குத் தோன்றியது.

சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது? அவள் திட்டமாட்டாள். ‘நான்தான் போயிட்டுக் கிளம்பச் சொன்னேன்’ என்று பழியைத் தானே எடுத்துக்கொண்டு அழுவாள். மறுநாள் காலையில், வேலையே இல்லாதவரிடம், பழக்கதோஷத்தில் ‘போயிட்டு வாங்க’ என்றும் சொல்வாள்.

அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் உடம்பு தளர்ந்தது. கூடவே எல்லாம் வந்தது.

கோட்டைத் தாண்டி நிறைந்த குப்பியைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

பரிசோதகர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை. குப்பியை அவசர அவசரமாக மூடி முத்திரை ஒட்டினார்.

கதவை மறித்து நின்றபடி ஓட்டுநர் கேட்டார். “இன்னுமா சார் என் மேல சந்தேகம்?”

“கையெழுத்தைப் போட்டுட்டு வழி விடுங்க சார்,” என்றார் பரிசோதகர், பல்லைக் கடித்துக்கொண்டு. “இருக்கறது இந்த ஒரே கழிப்பறை. உங்களை விட்டுட்டு நான் போகவும் கூடாது. காலையிலேருந்து அடக்கிட்டு நிக்கறேன்.”