மட்கார்டின் முதுகுக்குப் பின்னால்

காவேரிக் கரையில் இதுவரை சைக்கிள் மிதித்த அத்தனை பேரிலும் மெதுவாக மிதித்தவர் எங்கள் மட்கார்டுதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவரை ஒரு நத்தை முந்திப் போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சத்தியம்.

தஞ்சாவூரில் எங்கள் சைக்கிள் கிளப்பில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரே விரலில் தூக்கிவிடக்கூடிய ரேஸ் சைக்கிளை வாங்கி, பால்காரர் சைக்கிளில் இருப்பது போன்ற தகர மட்கார்டை இரண்டு சக்கரத்துக்கும் மாட்டிக்கொண்டு வந்தார். அன்றே பெயர் வைத்தாயிற்று.

"எதுக்கு சார் இந்தத் தகரம்?"

"வேட்டி கட்டுற மனுசன். சேறு அடிச்சா என்னங்க பண்றது?"

சைக்கிளில் வரும்போது அவர் போட்டிருப்பதோ தொடையைக் கவ்விய அரை டிராயர்.

தொழில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஹெல்மெட் இல்லாமல் யார் வண்டியில் போனாலும் பிரேக் பிடித்து, பாலிசி பேச ஆரம்பித்துவிடுவார். எங்கள் பக்கம் ஹெல்மெட் போடுகிறவர்கள் எத்தனை பேர்? நாங்கள் வீடு திரும்பி, குளித்து, பொங்கல் தின்று, ஒரு தூக்கமும் போட்ட பிறகுதான் அவர் ஊருக்குள்ளேயே நுழைவார்.

கிளப் கேப்டன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அவர் பல் டாக்டர், தயவு தாட்சண்யம் கிடையாது. நாகப்பட்டினம் வரை போக நாங்கள் திட்டமிட்டிருந்தோம். அதற்கு முந்தைய கடைசிப் பயிற்சி, போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு.

"சார், இன்னிக்கு எங்களோட சேந்து வந்து முடிக்கலேன்னா நாகப்பட்டினத்துக்கு நீங்க கிடையாது."

மட்கார்டின் முகம் சுண்டிப்போயிற்று. நாகப்பட்டினம் அவருடைய மாமியார் ஊர். அந்த வீட்டு வாசலில் சைக்கிளில் போய் இறங்குவதாக மனைவியிடம் சவால் விட்டிருந்தார், பாவம்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. பறந்தோம். நாங்கள் டீ குடித்து முடிக்கிற நேரத்தில் அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். டீயைக்கூடத் தொடாமல் எங்களோடு திரும்பினார். கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிட்டார்.

அப்புறம் வானம் பொத்துக்கொண்டது. எதிர்க்காற்று வேறு. எதிர்க்காற்றில் நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவோம். முன்னால் போகிறவர் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்கு மிதிப்பது சுலபம். அன்றைக்கு ஒட்டினால், முன்னால் போகிற சக்கரம் வாரியடித்த சேறு நேராக வாய்க்குள் போயிற்று. விலகினால் காற்று ஆளையே தூக்கியது. டாக்டரின் கண்ணாடியில் நாற்று நடலாம். பெரிய வீரர்கள் அத்தனை பேரும் திசைக்கொருவராகத் தள்ளாடினோம்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் ஒரே சீராக மிதித்து வந்து எங்களைத் தாண்டினார். அவர் பின்சக்கரத்திலிருந்து ஒரு பொட்டுச் சேறு கிளம்பவில்லை. முதலில் கேப்டன் போய் ஒட்டிக்கொண்டார். அடுத்து நான். அப்புறம் தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் மாதிரி மொத்தக் கிளப்பும்.

கண்டியூரை நெருங்கும்போது எதிரே ஒருவர் மொபெட்டில் வந்தார். ஒரு கையில் குடை. தலையில் ஹெல்மெட் இல்லை. மட்கார்டின் விரல்கள் பிரேக்கைத் தேடின.

"சார், நிக்காதீங்க! நான் ரெண்டு பாலிசி எடுத்துக்கறேன்!" என்று கேப்டன் அலறினார்.

"ஆயுள் பாலிசியா, மெடிக்கலா?"

"எதுவா இருந்தா என்ன, மிதிங்க சார்!"

மிதித்தார். எங்கள் எல்லோருடைய காற்றையும் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் வரை மிதித்தார். பெரிய கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் நாங்கள் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார்.

இறங்கியதும் மட்கார்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். "கேப்டன், சேந்து வந்துட்டேன்ல?"

"நீங்க எங்க சார் எங்களோட வந்தீங்க? நாங்கல்ல உங்களோட வந்தோம்!" என்று டாக்டர் அவரைச் சேறும் சகதியுமாகக் கட்டிக்கொண்டார். அன்று கட்டாததால் வேட்டி பிழைத்தது.

நாகப்பட்டினத்தில் மாமியார் ஆரத்தி எடுத்தார், எங்கள் எல்லோருக்கும் சேர்த்து. மட்கார்டு அன்றைக்கு நடந்த நடை இருக்கிறதே, மாப்பிள்ளை அழைப்பில்கூட அப்படி நடந்திருக்கமாட்டார்.

இப்போது சாலை காய்ந்து கிடக்கிறது. முந்திப் போக வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் பின்னால்தான் போகிறேன். அவர் நின்றால் நானும் நிற்கிறேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.