வீஜீஏ வேண்டாம் என்று சொன்னவன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. வழி கேட்பவர்களுக்குக்கூட, நான் கேள்விப்பட்டே இராத தெருவுக்குக் கையை நீட்டி வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன். (சிலர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.) பெரும்பாலும் இதனால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை. ஒரே ஒரு முறை வந்தது. அதைச் சிரிப்பாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்ப்போம்.

நான் திருப்பூர்க்காரன். அப்போது இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன் போடும் வேலையாக இரண்டு வருட ஒப்பந்தத்தில் கொழும்புக்குப் போயிருந்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் (எங்கள் ஊரில் சந்து), மூன்றாம் மாடி வீடொன்றில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் சறோ அன்ரியும் அவர் கணவர் கந்தையா அங்கிளும். (எங்கள் ஊரில் ஆன்ட்டி. வெள்ளவத்தையில் அன்ரி. முதல் மாதம் நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டபோதெல்லாம் அங்கிள் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று கதவைப் பார்த்தார்.) அன்ரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று சொல்ல நோர்வேயில் ஒரு தங்கை, இந்திரா. அந்தத் தங்கையை அவர் நேரில் பார்த்து இருபத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. போய்ப் பார்க்க இரண்டு முறை விசாவுக்குப் போட்டு, இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

வேலை இல்லாத நாட்களில் எனக்கு அந்த அறையில் இருப்புக்கொள்ளவில்லை. மனைவியும் மகளும் திருப்பூரில். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். வீட்டில் பேட்டர்ன் போட்டுப் பழகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். கிரிக்கெட் கேம் ஆடத்தான் என்பதை இன்றுதான் முதன்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் ஜெரோம், கொட்டாஞ்சேனைக்காரர், தன் அக்கா பிள்ளைகளுக்கு இரண்டு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவர், கூட வரட்டுமா என்று கேட்டார். கடைக்காரர்களிடம் சிங்களத்தில் பேசிக்கொள்வேன் என்றும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பதினோரு வீடியோ பார்த்திருந்தேன். பதினோரு வீடியோ பார்த்தவனுக்கு ஜெரோம் எதற்கு?

பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகளாகவே நிறைந்த ஒரு கட்டடம். ஒரு கடையில் என் பட்டியலை நீட்டினேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிராசசர் பெட்டியைக் கையில் எடுத்தவர் நிறுத்தி, “வீஜீஏ எக்கக் ஓனே நெத்த?” என்று கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் வீஜீஏ தெரியும். பழைய கம்ப்யூட்டர்களில் நீலத் தலையோடு ஒரு கேபிள் இருக்குமே, அது. இந்தக் காலத்தில் அதை யார் வாங்குவார்கள்? சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தேன். அவருக்குத் திருப்தியில்லை. நான் தமிழன் என்று கண்டுகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், “வீஜீஏ வேணாமா?” என்று மறுபடி கேட்டார்.

“வேண்டாங்க,” என்றேன், ஒரு கோயம்புத்தூர் மில் முதலாளியின் தோரணையோடு.

கொழும்பில் வீஜீஏ என்றால் படத்தைத் திரைக்கு அனுப்பும் கார்டு என்பதும், நான் வாங்கிய பிராசசர் அந்தக் கார்டு இல்லாமல் படமே காட்டாத வகை என்பதும், விலை குறைவாக இருக்கிறதே என்று நான் பெருமைப்பட்டதன் காரணமே அதுதான் என்பதும் எனக்குத் தெரியாது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறான் போலும் என்று அவர் பில் போட்டுவிட்டார்.

பெட்டிகளைத் திறக்காமலே இரண்டு நாள் வைத்திருந்தேன். அந்த இரண்டாம் நாள் நோர்வேயில் இந்திரா இறந்துபோனார்.

அன்ரி அழுததை நான் பார்க்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார். சமையலுக்குத் தேவையானதைவிட அதிகமாகத் துருவினார். தங்கையின் மகன் சுதன் எல்லா ஏற்பாடும் செய்து செய்தி அனுப்பியிருந்தான். வெள்ளிக்கிழமை, நம் நேரம் பின்னேரம் மூன்றரைக்கு இறுதிச் சடங்கு. இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். பெரியம்மா கொழும்பிலிருந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். அன்ரியின் ஃபோன் சின்னது. கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“அன்ரி, கவலைப்படாதீங்க. என் புது கம்ப்யூட்டர்ல, பெரிய திரையில, நேர்ல பாக்கற மாதிரியே காட்டறேன்,” என்றேன்.

அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை.

வெள்ளிக்கிழமை போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து பூட்டினேன். ஸ்க்ரூ ஒன்று சோபாவுக்குள் போனது. விரலை வெட்டிக்கொண்டேன். இரண்டேமுக்காலுக்கு முடிந்தது. மூன்று மணிக்கே அன்ரி வெள்ளைச் சேலையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கையில் மடித்த ஒரு தாள். அங்கிளும் சட்டை மாற்றிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

பொத்தானை அமுக்கினேன். விசிறிகள் சுற்றின. பெட்டி முழுக்க விளக்குகள் எரிந்தன. சிவப்பு, பச்சை, ஊதா என்று ஓடி ஓடி எரிந்தன. (விளக்கு வைத்த பெட்டியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.) திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

“லைற் எல்லாம் வடிவா எரியுது, நல்லூர்த் திருவிழா மாதிரி,” என்றார் அங்கிள். கிண்டலாகச் சொல்லவில்லை. எதையாவது சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தார்.

அணைத்துப் போட்டேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். மணி மூன்றரை ஆகிவிட்டது.

“தம்பி, நீர் அதை விடும். போனில பாப்பம்,” என்றார் அங்கிள்.

அப்போதே விட்டிருக்க வேண்டும். “ரெண்டே நிமிஷமுங்க, வந்துரும்,” என்றேன். சின்னத் திரையில் அன்ரிக்கு முகம் தெரியாதே என்று நானே எனக்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், தெரியவில்லை என்று அந்த இருவர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அன்ரி கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது.

என் ஃபோன் காலையிலிருந்து வீடியோ பார்த்துப் பார்த்துச் செத்துவிட்டிருந்தது. அங்கிளிடம் இருந்தது பழைய பொத்தான் ஃபோன். எனவே நான் செய்ததைச் சொல்கிறேன். அன்ரியின் ஃபோனை ஒரு நிமிஷம் கேட்டேன். அவர் யோசிக்காமல் கொடுத்தார். எந்த ஃபோனில் அந்த நேரம் அவர் தங்கையைப் பார்த்திருக்கலாமோ, அந்த ஃபோனில் ‘விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை’ என்று தேடி ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து, கூடத்தின் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். வீடியோக்காரர் காரணத்தைச் சொல்ல வாயைத் திறக்கும்போது ஒரு அழைப்பு வந்து திரையை மறைத்தது. ‘சுதன் நோர்வே’. விரல் தானாகப் போய் வெட்டியது. மறுபடியும் வந்தது. மறுபடியும் வெட்டினேன். சடங்கு தொடங்குகிறது என்று சொல்லக் கூப்பிடுகிறான், இதோ முடித்துவிடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

நாலரைக்கு அங்கிள் எழுந்து வந்து என் கையிலிருந்து ஃபோனை மெல்ல வாங்கினார். இணைப்பைத் திறந்தோம். ஒரு பெரிய வெறும் கூடம் தெரிந்தது. குளிர் சட்டை போட்ட இரண்டு பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அன்ரி தாளை மறுபடி மடித்துக்கொண்டு, “பரவாயில்லை தம்பி, நீர் காலமையில இருந்து சாப்பிடேல்லை,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அந்தச் சோற்றை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. வெட்டிய அழைப்புகளைப் பற்றி அங்கிளிடம் மட்டும் பால்கனியில் வைத்துச் சொன்னேன். “அவவுக்குச் சொல்லாதேயும்,” என்றார் அவர்.

மறுநாள் ஜெரோம் வந்து பெட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “வீஜீஏ எங்க, அண்ணே?” என்றார். திங்கட்கிழமை அதே கடையில் அதே மனிதரிடம் கார்டு வாங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் சுதன் சடங்கின் பதிவை அனுப்பினான். அதைப் பெரிய திரையில் போடச் சொல்லி அன்ரியே கேட்டார். படம் அருமையாக வந்தது. இந்திராவின் முகத்தை அருகில் காட்டினார்கள். அன்ரி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பிறகு சுதன் மைக்கைப் பிடித்து, “இப்ப அம்மான்ர அக்கா கொழும்பில இருந்து கதைப்பா. பெரியம்மா, இருக்கிறீங்களோ?” என்றான். மறுபடியும், “பெரியம்மா?” கூடத்தில் யாரோ இருமினார்கள். மூன்றாவது முறையும் கூப்பிட்டான். “லைனில இல்லைப் போல. போன் எடுத்துப் பாத்தனான், கட் ஆகுது.”

அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். கணக்கில் பிழை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு கணம். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிவை நிறுத்தினேன். சுதன் மைக்கோடு அப்படியே நின்றான்.

அன்ரி தாளைத் தேடவில்லை. “இந்திரா, அக்கா கதைக்கிறன்,” என்றார். “உன்ர றிசல்ட் கடிதத்தை உடைச்சுப் பாத்தது அம்மா இல்லை, நான்தான். நீ அம்மாவோட ரெண்டு கிழமை கதைக்காம இருந்தனீ. எனக்குச் சொல்லப் பயமா இருந்தது. சரி, போயிட்டு வா.”

பிறகு, “விடும் தம்பி, மிச்சத்தைப் பாப்பம்,” என்றார். பதிவை ஓடவிட்டேன்.

அடுத்த வருடம் சுதன் குடும்பத்தோடு கொழும்பு வந்தான். அவனிடம் சொல்லிவிடுவதென்று நான் இரண்டு நாளாக வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில், அன்றைக்கு ஏன் ஃபோன் கட் ஆனது என்று அவனே கேட்டான். நான் வாயைத் திறந்தேன். அங்கிள் முந்திக்கொண்டார்.

“அதை ஏன் கேக்கிறாய்? இந்தத் தம்பி பூட்டின பெட்டி வெடிச்சுப் போட்டுது. புகை எண்டால் அப்பிடிப் புகை. மூண்டாம் மாடி முழுக்கக் கரண்ட் இல்லை, வைஃபை இல்லை. நாங்கள் துவாயால விசிறிக்கொண்டு நிண்டனாங்கள்.”

சுதன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்ரி தேத்தண்ணி வைக்க எழுந்து போனார். அங்கிள் என் பக்கம் திரும்பாமலே மீன்குழம்புக் கிண்ணத்தை என்னிடம் தள்ளினார்.

இப்போது நான் திருப்பூரில் இருக்கிறேன். அந்தக் கதை நோர்வே வரை போய் வளர்ந்து, தீயணைப்பு வண்டி வந்ததாகவும் ஆகிவிட்டது. சுதன் எப்போதாவது வீடியோ அழைப்பில் வருவான். அவன் பிள்ளைகள் முண்டியடித்து முன்னால் வந்து, தங்களுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், “மாமா, இண்டைக்கும் புகை வருதோ?” என்று கேட்பார்கள். என் மனைவிக்கும் மகளுக்கும் அதற்குள் சிரிப்பு வந்துவிடும். நானும் கன்னத்தை உப்பி, ஊதிக் காட்டுவேன். அவர்களுக்குப் பின்னால் சுவரில் இந்திராவின் படம் மாலையோடு தொங்கும். அந்தப் பக்கம் பார்க்காமல் ஊதப் பழகிக்கொண்டேன்.