நாலு கால் உப்புமா

மழை நாளில் சூடாக எதையாவது தின்றுகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது சுகம் என்று சொல்பவர்கள், ஹாஸ்டல் உப்புமா தின்று பார்த்ததில்லை. நான் தின்றிருக்கிறேன். போதாததற்கு நானே அதைக் கிண்டியும் இருக்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐப்பசியில் மழை விடாமல் ஊற்றி, மணிமுத்தாறு நிரம்பி, சமையல்கார அக்கா நல்லூரிலேயே மாட்டிக்கொண்டார். மெஸ்ஸில் மிஞ்சியது ரவை மட்டும். காலையில் உப்புமா, மதியம் அதே உப்புமா, ராத்திரி அதன் ஆவி. (வார்டன் அதற்குக் 'கிச்சடி' என்று பெயர் வைத்தார். மஞ்சள்தூள் போட்டாராம்.) ஊரே சாம்பல் நிறத்தில் மிதந்தது. பசியில் தூங்கிப்போவோம், கனவில் பரோட்டா தின்போம், விழித்து உப்புமா தின்போம். சில சமயம் எது கனவு என்றே தெரியாது.

அந்த மழையில்தான் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு அம்மா குடையோடு வந்து இறங்கினார். எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அத்தை. பெண்ணை அலங்கரித்து உட்காரவைத்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சொல்லாமல் வந்து பார்த்தால்தான் நிஜம் தெரியுமாம். பார்த்து முடித்தபோது திரும்பிப் போக பஸ் இல்லை. வார்டன் அவரை என் அறையிலேயே தங்கவைத்துவிட்டார்.

எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும். மாப்பிள்ளையின் போட்டோவைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்து, வகுப்பு நடக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சிரிப்பில் ஒரு பல் லேசாகக் கோணியிருக்கும். அந்தப் பல்லின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

"நீயே ஏதாச்சும் செஞ்சு குடும்மா, சாப்புடுறேன்" என்றார் அத்தை.

வெங்காயம் வதக்கித் தண்ணீர் ஊற்றும்போது ஜன்னல் பக்கம் பார்த்துத் தொலைத்தேன். மழைக்குள் கோணல் பல் சிரிப்போடு மாப்பிள்ளை ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார், என் கற்பனையில்தான். நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் ஹாஸ்டல் கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் சட்டி நிரம்பிவிட்டது. இருந்த ரவை முழுவதையும் கொட்டியும் கெட்டிப்படவில்லை.

"கஞ்சியாட்டம் இருக்குதுடி!" என்று அறைத்தோழி செல்வி தலையில் கைவைத்தாள்.

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். நான் பீங்கான் படித்தவள். மண்கூழை ஜிப்சம் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துவிடும், மண் உருவம் பிடித்து நிற்கும். மண்ணுக்கு ஆவது ரவைக்கு ஆகாதா? காலேஜ் பட்டறையில் மண் படாத புது அச்சாகத் தேடியதில் யானை பொம்மை அச்சுதான் கிடைத்தது.

"யானையாடி?"

"தண்ணி வத்துனதும் கலைச்சு வெச்சிடலாம், வா."

அச்சைத் திறந்தேன். தட்டில் யானை நின்றது. என்னை அறியாமல் ரசித்துவிட்டேன். அதற்குள் அத்தை வந்துவிட்டார்.

"என்னாம்மா இது?"

"உப்புமாங்க."

"நாலு காலு இருக்குது?"

அவர் தும்பிக்கையை ஒடித்து வாயில் போட்டுப் பொறுமையாக மென்றார். உதட்டில் ஜிப்சம் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. "உப்பு பத்தல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் "போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். நிஜமாகவே அழுதேன். ஹாஸ்டல் போன் எனக்காக அடித்தபோது, அப்பா திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். முன்பின் கேட்காத குரல்.

"தும்பிக்கைய அத்தை தின்னுட்டாங்களாமே. மிச்சம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"வாலு இருக்குதுங்க" என்றேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் உப்புமா செய்தால் இன்றைக்கும் யாரும் ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி என்று கேட்பதில்லை. "எனக்கு ஒரு காலு", "எனக்குக் காது" என்றுதான் தட்டை நீட்டுவார்கள். தும்பிக்கையை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். அது அத்தையுடைய பங்கு.