லேபிளம்மாவும் மீன் உணவும்

மாப்பிள்ளை பாதிக் கிண்ணத்தைக் காலி செய்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

லேபிளம்மா ஒரு கையில் போனும் மறு கையில் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக நின்று அதைப் படித்தாள். படித்ததும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். பாதிச் சாப்பாட்டில் எழுப்பினால் எந்த மாப்பிள்ளைதான் சும்மா இருப்பார்? புறங்கையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

மாப்பிள்ளை என்பது பூனை. மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது அம்மாவின் பொறுப்பில் விட்டுப்போன பூனை. வேலைவெட்டி கிடையாது, வேளாவேளைக்குத் தட்டு முன்னால் வந்துவிட வேண்டும், ஒரு சொல் பொறுக்காது, கோபம் வந்தால் பீரோ மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்படிப்பட்டவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டு அந்தப் பெயரை வைத்தவர் கணவர்.

லேபிளம்மா என்பதும் அவர் வைத்த பெயர்தான். அவளுக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை. அங்கே பிடுங்கிய பல்லுக்கும் கட்டப்போகிற பல்லுக்கும் பெயர் எழுதி ஒட்டிப் பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் ஓய்வதில்லை. சமையலறையில் 'உப்பு', 'சர்க்கரை', 'சர்க்கரை மாதிரி இருக்கும், தொடாதே' என்று டப்பாக்கள் வரிசையாக நிற்கும். பூனையின் தீனியையும் அவள் பாக்கெட்டில் விட்டுவைப்பதில்லை. காற்றுப் புகாத இரண்டு டப்பாக்களில் கொட்டி, ஒன்றில் 'கோழி உணவு', மற்றதில் 'மீன் உணவு' என்று முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தாள். கோழியை மாப்பிள்ளை முகர்ந்தும் பார்க்கமாட்டார். மீன் என்றால் உயிரை விடுவார்.

"ஏங்க! இங்க ஓடி வாங்க! மோசம் போயிட்டோம்!"

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களின் கூச்சலைக் கேட்டே வயதானவர். நடந்துதான் வந்தார்.

"யாரு போயிட்டா?"

"இன்னும் யாரும் போகல. இதப் படிங்க மொதல்ல."

வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி அது. 'அவசரம். போன வாரம் நம் கடையில் வாங்கிய மீன் உணவில் பூஞ்சை விஷம் கலந்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. யாரும் போட வேண்டாம். திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கள்.'

"போன வாரம் வாங்கினதத்தான் தினம் போட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள். "என் கையாலயே போட்டேங்க. அதுவும் என்னை நம்பித்தானே சாப்பிட்டுது."

"நல்லாத்தானே இருக்கு? உன்னைக் கீறியிருக்கே, தெம்பில்லாமலா?"

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. அவ கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஒரு பூனையப் பாத்துக்கத் துப்பில்லையான்னு கேக்கமாட்டாளா?"

அதுதான் அவளைக் குத்தியது. மகள் ஒவ்வொரு சாயங்காலமும் போன் செய்வாள். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்றுதான் கேட்பாள். அதில் லேபிளம்மாவுக்கு லேசாக மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் பூனை இருக்கிறவரைக்கும் போன் தவறாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். எடுத்தார். "ம்ம்... ஆ..." என்று ஒரு முனகல் கேட்டது. கட் ஆகிவிட்டது.

"பாத்தீங்களா, மனுஷன் பேசக்கூட முடியாம அழறாரு. எத்தனை பூனை போச்சோ!"

இனி எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவாயிற்று. உப்பில்லாமல் கோழியை வேகவைத்து, எலும்பு நீக்கி, ஆறவைத்து, கிண்ணத்தில் வைத்தாள். மாப்பிள்ளை வந்தார், பார்த்தார், அதைச் சுற்றி மண் தள்ளி மூடுவதுபோல் வெறுந்தரையைப் பிறாண்டிவிட்டு, மீன் டப்பா இருக்கும் அலமாரியின் முன்னால் போய் உட்கார்ந்தார். கோழியைக் கணவர் உப்புப் போட்டுச் சாப்பிட்டார்.

அந்த அலமாரிக் கதவைத் திறக்க மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆகவே டப்பா வீட்டில் இருப்பதே ஆபத்து. வேலைக்குப் போகிறபோது அதைப் பையில் போட்டுக்கொண்டாள். கடை கிளினிக்குக்குப் பக்கத்துத் தெருதான். திரும்பும்போது கொடுத்துவிடலாம்.

சாயங்காலம் போனால் கடை மூடிக்கிடந்தது. விஷத்தை மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோவதா? கிளினிக்குக்கே திரும்பினாள். அவள் மேஜையில் பல் அச்சுகள் குவிந்திருந்ததால், கண்ணாடித் தொட்டிக்கு மேலே இருந்த அலமாரியில் டப்பாவை வைத்துவிட்டு, கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அந்தத் தொட்டியில் இருப்பவர் பெரியவர். உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன். கிளினிக் திறந்த அன்றைக்கு வந்து சேர்ந்தவர். டாக்டருக்குக் குடும்பம் என்று சொல்ல வேறு யாரும் இல்லை. காலையில் வந்ததும், "என்ன பெரியவரே, தூக்கம் எப்படி?" என்று விசாரித்த பிறகுதான் அவர் கோட்டையே மாட்டுவார்.

அன்று சாயங்காலமும் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, மாப்பிள்ளையக் காட்டு."

"தூங்கறாரு."

"தூங்கறதயே காட்டேன்."

காட்டினாள். மாப்பிள்ளை அலமாரி முன்னால் மல்லாந்து கிடந்தார்.

"ஏன்மா இப்படிப் படுத்திருக்கான்?"

"வேற எப்படிம்மா படுப்பாங்க?"

"உன் மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"லைட்டு சரியில்ல," என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்துவிட்டுக் கணவரிடம், "சோர்ந்து கெடக்கறாருங்க," என்றாள்.

"அவர் பொறந்ததிலேர்ந்தே சோர்ந்துதான் கெடக்கறாரு."

மறுநாள் காலையும் கிண்ணம் தொடப்படாமல் இருக்கவே, கிளினிக்குக்குக் கொஞ்சம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைக் கூடையில் அடைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினாள். அங்கே நாலு நாய்களுக்கு நடுவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பல் டாக்டர் போன் செய்தார்.

"ஏம்மா, பெரியவரோட பழைய டப்பா காலியாயிடுச்சே. போன வாரம் கடையிலேர்ந்து புதுசு வந்திச்சே, எங்க வெச்சிருக்கே?"

"அலமாரிக்குக் கீழ இழுப்—"

பக்கத்து நாய் கூடைக்குள் மூக்கை விட்டது. மாப்பிள்ளை போட்ட கூச்சலில் மீதி வார்த்தை மூழ்கிப்போயிற்று.

"அலமாரியா? சரி சரி, பாத்துக்கறேன்," என்று டாக்டர் வைத்துவிட்டார்.

கால்நடை டாக்டர் மாப்பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"இவருக்கு இருக்கற ஒரே வியாதி பசிதான். சாப்பாடு போடுங்கம்மா."

"விஷம் மெதுவாத்தான் ஏறும்பாங்களே டாக்டர்?"

"பசி வேகமா ஏறும். அடுத்தது யாருப்பா?"

வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. கூடையோடு கிளினிக்குக்கு வந்து, யாரும் பார்க்குமுன் அதை மேஜைக்கு அடியில் தள்ளினாள். டாக்டர் தொட்டியருகே பூரித்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"புதுசு ரொம்பப் பிரமாதம்மா! பெரியவர் இப்படி ரசிச்சுச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. மூணு தடவ போட்டேன்."

தொட்டியின் பாதியை மட்டும் மூடிய மூடிமேல் அவளுடைய டப்பா திறந்திருந்தது. அதில் அவளுடைய கையெழுத்து. 'மீன் உணவு.'

பூனைக்குப் போட்டது போதாதென்று இப்போது மீனுக்குமா? உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். டாக்டர் பெரியவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளால் முடியவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

திரும்பினால், நோயாளிகளின் நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒரே ஒரு ஆள். வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர்!

"நீங்களா! பல்வலியா? அதனாலதான் போன்ல பேச முடியலையா?"

அவர் தலையாட்டினார். ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்காரவைத்திருந்தார் டாக்டர். வாயில் ஒரு பக்கம் பஞ்சு. உதடு அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

"மீன் உணவுல விஷம்ங்கறது நெசமா சார்?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்போ பூனைக்குப் போடக் கூடாதா?"

இல்லை என்று பலமாகத் தலையாட்டினார்.

"கூடாதா! ஐயையோ, போட்டுட்டேனே!"

கடைக்காரர் இரண்டு கைகளையும் ஆட்டினார். "ஊனைக்கு இல்ல! ஊனைக்கு இல்ல!"

"ஊசியா? ஊசி போட்டாச்சு சார். அதான் உதடு இப்படித் தொங்குது."

அவர் எழுந்துவிட்டார். தொட்டியைக் காட்டினார். "ஈனுக்கு! ஈனுக்கு!"

"எனக்கு எனக்குன்னா? அடுத்தது உங்களுக்குத்தான், வேற யாரும் இல்ல. தண்ணி வேணுமா? இப்போ குடிக்கக் கூடாது, கொப்பளிக்கலாம்."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எழுதுவதுபோல் கையை அசைத்தார். "ஆமா, மறந்தே போயிட்டேன்," என்று சிகிச்சைக்குச் சம்மதம் எழுதி வாங்கும் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். அவர் பேனாவைக் கையில் வாங்கிய அந்த நேரம் பார்த்து டாக்டர் வாசலுக்கு வந்து, தோளில் கைபோட்டு, "வாங்க வாங்க, மருந்து எறங்கறதுக்குள்ள முடிச்சிடலாம்," என்று உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். எந்திரம் சுழல ஆரம்பித்தது.

இருக்கிற நேரம் இவ்வளவுதான் என்று லேபிளம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தண்ணீரில் ஊறிக்கிடக்கும் விஷத்தை முதலில் வெளியேற்ற வேண்டும். தரை துடைக்கும் வாளியைக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்து, பெரியவரை வலையில் அள்ளி அதற்குள் விட்டாள். அவர் வாளிக்குள் ஒரு சுற்று வந்துவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்கிற முகம். லேபிளம்மாவுக்கு அது கடைசி மூச்சாகத் தெரிந்தது.

"பெரியவரே, என்னை மன்னிச்சிடுங்க. தெரிஞ்சு செய்யல," என்றாள். நிஜமாகவே அழுதாள்.

வாய் கொப்பளிக்கும் காகிதக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு இன்னொரு வாளியில் ஊற்றினாள். அவசரத்தில் காலால் தட்டிவிட்டதில் அந்த வாளி கவிழ்ந்தது. தண்ணீர் அறை முழுதும் ஓடி, மேஜைக்கு அடியில் போய்க் கூடையை நனைத்தது. நனைந்தவர் யார்? கூடையின் கொக்கி தெறித்தது. மாப்பிள்ளை வெளியே வந்தார்.

வந்தவரின் எதிரே வாளி. வாளிக்குள் பெரியவர். நேற்றிலிருந்து பட்டினி கிடக்கும் பூனையும், உள்ளங்கை அகல மீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை, வேணாம்!"

மாப்பிள்ளை வாளியை எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். இதுவும் வீட்டுச் சாப்பாடுதான் என்று தோன்றியதோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே தாவாகத் தொட்டியின் மூடிமேல் ஏறி, 'மீன் உணவு' டப்பாவைக் கவிழ்த்து, அதற்குள் தலையை விட்டார். மொறுக் மொறுக் என்று சத்தம் வந்தது.

லேபிளம்மா போட்ட அலறலில் எந்திரம் நின்றது. கதவு திறந்தது.

டாக்டர் காலடியில் தண்ணீரையும், தரை துடைக்கும் வாளியில் தன் குடும்பத்தையும், தொட்டிமேல் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பூனையையும் வரிசையாகப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

இனி மறைத்துப் பயனில்லை. லேபிளம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். செய்தி வந்தது, டப்பாவைக் கொண்டுவந்தது, அலமாரியில் வைத்தது, போனில் பூனை கத்தியது.

"இழுப்பறையில இருக்கறதத்தான் சொல்ல வந்தேன் சார். நீங்க என் டப்பாவ எடுத்துட்டீங்க. அதுல விஷம் இருக்கு சார். பூனையும் போச்சு, பெரியவரும் போயிட்டாரு. எல்லாம் என் கையெழுத்தால வந்த வினை. என்னை வேலையவிட்டு அனுப்பிடுங்க."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. வாளிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். "மூணு தடவ போட்டேனே," என்று மட்டும் சொன்னார். பெரியவர் அவருடைய விரலை நோக்கி நீந்தி வந்தார்.

அப்போது கடைக்காரர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். பஞ்சைத் துப்பினார். நேராக அலமாரிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து, பிரிக்காமல் கிடந்த பாக்கெட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பிறகு மரத்துப்போன உதடு இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"மேடம்... நான் அனுப்பினது மீனப் போட்டுச் செஞ்ச உணவப் பத்தி இல்ல, மீனுக்குப் போடற உணவப் பத்தி. நல்லவேளை, இதப் பிரிக்காம பூனைச் சாப்பாட்டப் போட்டுப் பெரியவரக் காப்பாத்திட்டீங்க!"