பஞ்சு சுத்தின குழாயும் பொம்பிளை பார்த்த கதையும்

நேத்து எனக்கு வேலை ஒண்டே ஒண்டு. பொம்பிளை வீட்டாரோட தேத்தண்ணி குடிச்சு, நல்ல பிள்ளை மாதிரி இருந்துபோட்டு வாறது.

இடத்தைத் தெரிவு செஞ்சது நான். வாவிக்கரையில புதுசாத் திறந்த ஹோட்டல். அங்க ஏசிக் காத்து போற தகரக் குழாயெல்லாம் பொருத்திப் பூட்டினது நான்தானே! மாமனாராகப் போறவருக்குக் காட்ட வேணாமா?

தேத்தண்ணி முடிஞ்சுது. "கொஞ்சம் கதைச்சுப்போட்டு வாறம்" எண்டு பொம்பிளை வீட்டார் ஒரு அறைக்குள்ள போனாங்க. நானும் அம்மாவும், அப்பாட தங்கச்சி மாமியும் பக்கத்து அறைக்குள்ள.

"மெதுவாக் கதைப்பம்" எண்டா அம்மா.

"பயப்படாதீங்க! குழாய் முழுக்கப் பஞ்சு சுத்தியிருக்கன். அது சுவருக்குள்ளால போற ஓட்டையையும் அடைச்சிட்டன். மூச்சும் வெளிய போகாது!"

அம்மா நம்பிட்டா. நான் சொல்லி அவ நம்பினது அதான் முதல் தரம்.

மாமி தொடங்கினா. "பொம்பிளைட தகப்பன் வாயை மூடவே மாட்டார் போல. என்ட தேத்தண்ணியும் ஆறிட்டு."

"அது கிடக்கட்டும். பிள்ளை தங்கம். இவனை நினைச்சாத்தான் எனக்குப் பயம்" எண்டா அம்மா. "ஊரெல்லாம் ஏசி பூட்டுறான். நம்மட வீட்டு ஃபேன் பொங்கலுக்கு நிண்டது, இன்னும் சுத்தல்ல. இவன்ட குறட்டைக்கு நாயே எழும்பிக் குரைக்குது!"

சீலிங்ல, காத்து வாற ஓட்டைக்குள்ளால ஒரு இருமல் கேட்டிச்சு.

மறுகா, பொம்பிளைட குரல். "அப்பா, இருமாதீங்க! இன்னும் கேப்பம்."

ஏசிக்குள்ள எனக்கு வேர்த்துட்டு!

அப்பதான் மண்டையில ஏறிச்சு. பஞ்சு குழாய்க்கு வெளியில. உள்ள வெறும் தகரம். ரெண்டு அறைக்கும் ஒரே குழாய். இங்க ஏறுற கதை அங்க இறங்குது. பஞ்சு குளிரைத்தான் காப்பாத்திச்சு, என்ட மானத்தை இல்ல.

சமாளிக்க வேணுமே! கதிரையில ஏறி, ஓட்டைக்குக் கிட்ட வாயை வைச்சுக் கத்தினன். "நல்ல ஆக்கள், என்ன அம்மா! அவர் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்!"

"தம்பி," எண்டு தகப்பன்ட குரல் மேலயிருந்து வந்திச்சு. "கத்தாதீங்க. மெதுவாக் கதைச்சாலே வடிவாக் கேக்குது."

மாமி சீலைத் தலைப்பால முகத்தை மூடிட்டா. எனக்கு அழுகையே வந்திட்டு. அந்தப் பிள்ளையை மெய்யாவே பிடிச்சிருந்தது.

தலையைக் குனிஞ்சுகொண்டு வெளிய வந்தம். அவங்க எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாங்க!

"மகளுக்குச் சம்மதம். குறையை மறைக்கத் தெரியாத குடும்பமாம்" எண்டார் தகப்பன். "எங்கட ஊர் வழமைப்படி பொம்பிளைக்கு வீடு நாங்க கட்டிக் குடுக்கிறம். ஏசி பூட்ட மட்டும் வேற ஆள் பிடிக்கிறம்."