பழுப்புக் கோட்டுக்காரரும் என் தேர்வும்

மதிப்பிற்குரிய டோரீன் அக்காவுக்கு,

ஹாலிஃபாக்ஸிலிருந்து தம்பி கார்டன் பணிவன்புடன் எழுதுவது. உன் மூட்டுவலி தணிந்திருக்கும், ஓடிப்போன பூனை திரும்பியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதப் போனேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ஷீலா, "பொய் எழுதாத" என்றாள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

பிஸ்கட் தொழிற்சாலையை மூடிய பிறகு இந்த வயதில் என்னை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இறங்கினேன். அதற்கு ஆபத்தைக் கண்டுகொள்ளும் தேர்வு ஒன்று உண்டு, அக்கா. கம்ப்யூட்டர் திரையில் சாலை ஓடும், ஏதாவது ஆபத்தாக மாறத் தொடங்கும்போது மவுஸை அழுத்த வேண்டும், சீக்கிரம் அழுத்தினால் மதிப்பெண் கூடுதல், கண்டபடி அழுத்தினால் அந்தப் படத்துக்குச் சுழி. சமையலறை மேசையில் உட்கார்ந்து பயிற்சிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அப்புறம் மழை பெய்யும் கிராமத்துச் சாலை ஒன்று, அதில் பஸ் நிறுத்தத்தில் பழுப்புக் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருத்தர் நிற்கிறார், நான் கடந்து போகும்போது தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறார். அது கம்ப்யூட்டரில் வரைந்த படம், அதில் வரும் மனிதர்களுக்கு முகமே சரியாக இருக்காது. இவர் தாடையில் சவரக் கத்தி பட்ட கீறல்கூடத் தெரிந்தது.

அடுத்த படத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்றார். அதற்கடுத்ததில், மனுஷன் கால் வைக்கக்கூடாத மோட்டார்வே ஓரத்தில். ஒவ்வொரு தடவையும் சாலைக்குக் கொஞ்சம் கிட்டே. நான் அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன், சுழிக்கு மேல் சுழி. ஷீலாவைக் கூப்பிட்டேன்.

"எங்க?"

"தபால்பெட்டி பக்கத்துல."

"தபால்பெட்டிதான் இருக்கு. கண்ணாடியத் துடைச்சுப் போடு."

"என்னையே பாக்குறாரு ஷீலா."

"கல்யாணம் ஆனதுலேருந்து நானுந்தான் உன்னையே பாக்குறேன். அதுக்கு என்னிக்காவது பயந்தியா?"

சனிக்கிழமை அவள் கார் ஓட்ட, சந்தைக்குப் புறப்பட்டோம். நல்ல வெயில். மருந்துக்கடை எதிரே அவர் நிற்கிறார், கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். "பிரேக்க மிதி" என்று கத்தினேன். மிதித்தாள். ஃபிளாஸ்க் உடைந்து தேநீர் முழுக்க என் மடியில். திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தபோது, பக்கத்து மேட்டுத் தெருவிலிருந்து குப்பை லாரி ஒன்று ஆளில்லாமல் உருண்டு வந்து, எங்கள் மூக்கை உரசுகிற மாதிரிக் கடந்து, எதிர்ச் சுவரில் மோதி நின்றது. ஷீலாவால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

"யாரப் பாத்த?" என்று கேட்டாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவரத்தான்."

நடைபாதையில் யாரும் இல்லை. ஒரு இடம் மட்டும் ஈரமாக இருந்தது. அதற்கப்புறம் அவள் என் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை.

தேர்வன்று வெகுநேரம் ஆள் வரவேயில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் அவரைத் தேடியது. கடைசிப் படத்தில் மேட்டுப் புல்வெளிச் சாலை, வெறிச்சோடிக் கிடக்கிறது, ஒரு ஆடுகூட இல்லை, நட்டநடுவில் அவர், கை தூக்கியபடி. வெறும் சாலைக்கு அழுத்தினால் என் பிழைப்பு போச்சு. அழுத்தினேன். அப்புறம்தான் மூடுபனிக்குள்ளிருந்து விளக்கில்லாத டிராக்டர் வெளியே வந்தது.

தேறிவிட்டேன், அக்கா. இன்னும் ஓட்டிக் காட்டவும் சொல்லிக்கொடுத்துக் காட்டவும் தேர்வுகள் பாக்கி. கண் மருத்துவர், திரையை முறைத்துப் பார்த்த களைப்புதான், வேறொன்றுமில்லை என்றார். நானும் அப்படியே முடிவு செய்துவிட்டேன். அவர் மறுபடி வரவில்லை, வரவும் மாட்டார். சொல்லிக்கொடுக்கிறவர் சீட்டில் எனக்கும் ஒரு பிரேக் வைத்த பழைய கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். நீ பயமில்லாமல் புறப்பட்டு வா, முதல் ஆளாக உனக்குச் சும்மாவே கற்றுக்கொடுக்கிறேன்.

உனக்கும் அத்தானுக்கும், பூனை வந்திருந்தால் அதற்கும், எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் தம்பி
கார்டன் பிக்கர்ஸ்கில்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஷீலா ஜன்னலோரத்திலிருந்து கூப்பிட்டாள். "கார்டன், உன் ஆளு வந்திருக்காரு. எனக்கும் தெரியுறாரு."

"எங்க நிக்கிறாரு?"

"நிக்கல. நம்ம கார்ல உக்காந்திருக்காரு. சொல்லிக்குடுக்கிறவரு சீட்டுல. பெல்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு, நீ வந்து ஓட்டுவேன்னு பாத்துக்கிட்டிருக்காரு."

கார் பூட்டியிருக்கிறது. சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது. நீ இப்போதைக்குப் புறப்பட வேண்டாம்.