பதினேழாம் கேள்வியும் ஒரு பூட்டும்

பதினேழாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியதுதான் வஸ்ஃபி செய்த தப்பு. தனக்குத் தெரிந்த உண்மையை எழுதிவிட்டார்.

சுகாதார இலாகாவில் உடல் இயக்க மேம்பாட்டுப் பிரிவின் தலைவர் அவர். தலைவரும் அவர்தான், பிரிவும் அவர்தான். மூன்றாம் மாடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. லிஃப்ட் பழுதானால் அன்றைக்குப் பிரிவுக்கு விடுமுறை.

எந்தெந்த நாடு தன் மக்களை எவ்வளவு தூரம் நடக்கவும் ஓடவும் வைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு நாற்பது கேள்விகள் அனுப்பியிருந்தது. பதினேழாவது: 'பொதுமக்கள் தினமும் கூடி நடக்கும் இடம் ஏதேனும் உங்கள் நகரில் உண்டா?'

"பக்கத்து நாட்டுக்காரன் என்ன எழுதியிருக்கான்?" என்றார் இயக்குநர் மம்தூஹ் பேக்.

"நாற்பதுக்கும் உண்டுன்னு எழுதிட்டாங்களாம், பேக்."

"அங்க எவன்யா நடக்கறான்? ரொட்டிக் கடைக்கே கார்ல போற கூட்டம்!"

"நம்மளும் அப்படித்தானே, பேக்?"

"அதைத்தான் சொல்றேன். அவனுக்கு உண்டுன்னா நமக்கும் உண்டு. மாத்து."

ஒரு சொல்தானே என்று மாற்றினார். பத்தாம் நாள் பதில் வந்தது: புகைப்படம் அனுப்புக.

வஸ்ஃபி தன் பேட்டையிலேயே ஒரு பெண்கள் பள்ளியின் மைதானத்தைப் பிடித்தார். காலை பதினொரு மணி வெயிலில் டைப்பிஸ்ட் அம்மாளையும் டீ கொண்டுவரும் ஆளையும் டிரைவரையும் வரிசையாக நடக்கவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது: மிக்க மகிழ்ச்சி, நேரில் பார்க்க வருகிறோம்.

"போச்சு," என்றார் வஸ்ஃபி.

"என்ன போச்சு? மூணு வாரம் இருக்கு. ஒரு பாதை போட்டுடு," என்றார் மம்தூஹ் பேக்.

மைதானத்தைச் சுற்றிச் சிவப்பு ரப்பர் பாதை போடப்பட்டது. மந்திரியின் பெயர் பெரிதாகவும் பாதையின் பெயர் சிறிதாகவும் ஒரு பலகை. புதிதாக ஒரு இரும்புக் கதவு. பள்ளிக் காவலாளி ஃபலாஹ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"உஸ்தாத், சாயங்காலத்துல இங்க..."

"சாயங்காலம், காலைல, எப்பவும் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. மந்திரி வந்து திறக்கற வரைக்கும் ஒரு செருப்புத் தடம் விழுந்தாலும் உன் வேலை போயிடும்."

வஸ்ஃபி தன் கையாலேயே பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவருக்கு ஒரே கவலை, மனைவி இன்ஆமின் சர்க்கரை. ஆறு மாதத்துக்கு முன் முந்நூறைத் தொட்டு, கால் கட்டைவிரலில் புண் வந்து ஆறாமல் நின்றது. "தினம் நடக்கணும், இல்லேன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர். நடந்தும் பார்த்தார்கள், ஒரே ஒரு நாள். இருநூறு அடிக்குள் மூன்று கார்கள் நின்றன. மகன் கைஸின் பெயரை வைத்து, 'கைஸின் அப்பா' என்றுதான் வஸ்ஃபியை எல்லோரும் கூப்பிடுவார்கள். "அபூ கைஸ், கார் ரிப்பேரா? ஏறுங்க, ஏறுங்க!" ஏறாவிட்டால் அவர்களுக்கு வருத்தம். நான்காவது கார் இன்ஆமின் அண்ணனுடையது.

"என் தங்கச்சிய நடுத்தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போற அளவுக்கு ஆயிட்டீங்களா மச்சான்?"

மானம் போயிற்று. "இனிமே இந்த வீட்டுல நடக்கற பேச்சே கூடாது" என்று உடல் இயக்கப் பிரிவின் தலைவர் உத்தரவு போட்டார். அதற்குப் பதிலாகத் தன் பிரிவு அச்சிட்ட 'நடப்பதன் நன்மைகள்' தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

என்ன ஆச்சரியம், சர்க்கரை இறங்கியது. புண் காய்ந்தது.

"பாத்தியா? படிச்சாலே இறங்குது!"

இன்ஆம் சிரித்துக்கொண்டே முக்காட்டைச் சரிசெய்தாள். சாயங்காலமானால் அவள் பக்கத்து வீட்டுக்குத் திராட்சை இலையில் சோறு சுருட்டப் போவது வழக்கம்.

"அஞ்சு மாசமா சுருட்டறீங்க, நம்ம வீட்டுக்கு ஒண்ணு வந்ததில்லையே!" என்று வஸ்ஃபி கேலி செய்வார்.

பூட்டுப் போட்ட வாரம் அவளே கேட்டாள். "ஏங்க, அந்த மைதானத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்துவிட்டா என்ன?"

"உனக்கெதுக்கு அந்த வம்பு? போய் இலையைச் சுருட்டு."

அவள் அப்புறம் கேட்கவில்லை. சுருட்டவும் போகவில்லை.

அந்த வெளிநாட்டு அமைப்பின் சார்பில் டென்மார்க்கிலிருந்து இங்கெர் என்ற அம்மாள் வந்தாள். ஓட்டலிலிருந்து இலாகாவுக்கு நடந்தே வருவேன் என்று கிளம்பியவளை வழியில் ஏழு கார்கள் மறித்தன. எட்டாவதாகப் போன இலாகா டிரைவர் கிட்டத்தட்டத் தூக்கியே உள்ளே போட்டான்.

"உங்களை நடக்க விட்டுட்டோமே, மன்னிச்சிருங்க!" என்று மம்தூஹ் பேக் நெஞ்சில் கைவைத்தார்.

"எங்க நாட்டுல மந்திரியே சைக்கிள்லதான் வருவார்," என்றாள் அவள்.

மம்தூஹ் பேக் வஸ்ஃபியின் காதில் சொன்னார்: "பாவம், நொடிஞ்ச நாடு போலிருக்கு. குனாஃபா இனிப்பு ரெண்டு தட்டு கூட வைக்கச் சொல்லு."

மந்திரி நாடாவை வெட்டி, பாதையில் பத்து அடி வைத்தார். பதினோராம் அடிக்குக் கார் பாதைமேலேயே வந்துவிட்டது. டைப்பிஸ்ட் அம்மாள் மூச்சு வாங்க இரண்டு சுற்று வந்தாள்.

"வழக்கமா யார் யார் நடப்பாங்க?" என்று இங்கெர் கேட்டாள்.

ஃபலாஹ் முன்னால் வந்து வாயைத் திறந்தான். அந்த வாய்க்கு நேராக மம்தூஹ் பேக் ஒரு தட்டு குனாஃபாவை நீட்டினார்.

"நூத்துக்கணக்குல வருவாங்க," என்றார் வஸ்ஃபி கூசாமல்.

மதிப்பெண் பட்டியல் வந்தது. நாற்பதுக்கு முப்பத்தெட்டு! பக்கத்து நாட்டைவிட இரண்டு கூட. இலாகாவே கட்டிப்பிடித்துக்கொண்டது.

"பூட்டைத் திறந்துடலாமா, பேக்?"

"பைத்தியமா? ரெண்டு வருஷத்துல மறுபடி பார்க்க வருவாங்க. அதுக்குள்ள ஜனங்க நடந்து நடந்து நாசம் பண்ணவா?"

அன்றைக்கு இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார் வஸ்ஃபி. இன்ஆம் காலை நீட்டிப் படுத்திருந்தாள். கட்டைவிரல் கறுத்திருந்தது. சர்க்கரை முந்நூற்று நாற்பது.

"எனக்குத் தெரியாம என்னத்தைத் தின்னே?" என்று கத்தினார்.

"ஒண்ணும் திங்கல, அபூ கைஸ்," என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்து வஸ்ஃபி சின்னப் பிள்ளைபோல் அழுதார். தான் எதில் குறைவைத்தோம் என்றே அவருக்கு விளங்கவில்லை. தாள்கூட இன்னும் குளிர்பதனப் பெட்டியில்தான் இருந்தது.

அப்போது கையில் ஒரு பையோடு ஃபலாஹ் வந்தான்.

"நீ எங்கப்பா இங்க?"

ஃபலாஹ் பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

"உங்க வீட்டம்மாவோடது, உஸ்தாத். நாற்பது பொம்பளைங்க அஞ்சு மாசமா தினம் சாயங்காலம் என் அறையில செருப்பை மாத்திக்கிட்டு அந்த மைதானத்தைத்தான் சுத்துனாங்க. நீங்க பூட்டுன அன்னிக்கு இது உள்ளேயே மாட்டிக்கிச்சு."